வெள்ளத்தில் நின்ற பழைய லாரி: செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. என் தந்தை காலத்து டாடா 1210 லாரியைச் செங்கல், ஜல்லி ஏற்றுவதற்காக இன்றும் வைத்திருக்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தபோது, வண்டி இரண்டு இரவுகள் பானெட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த அன்றே டிரைவர் செல்ஃப் அடித்தார். 'டக்' என்ற சத்தத்துடன் நின்றுவிட்டது. பிறகு டிராக்டரில் கட்டி இழுத்து, கியரில் போட்டு விட்டோம். சைலன்சர் வழியாகத் தண்ணீர் கொட்டியது, இன்ஜின் சுற்றத் தொடங்கியது, ஆனால் பிடிக்கவில்லை. அதன் பின் இன்ஜின் ஆயில் மாற்றினோம், பேட்டரி புதிதாகப் போட்டோம், டேங்கில் நாற்பது லிட்டர் புது டீசல் ஊற்றினோம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இடையிடையே ஒரு துள்ளல் தெரிகிறது. சைலன்சரில் புகையே இல்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏர் கிளீனர் வாயில் துணியைக் கொளுத்திப் பிடித்தால் பிடித்துவிடும் என்கிறார் என் மைத்துனர். பட்டறைக்காரர் ஒருவர் இன்ஜின் போய்விட்டது, எடைக்குப் போடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு தகவல்கள் மிகவும் பயனுள்ளவை. ஒன்று, செல்ஃப் சுற்றும்போது புகையே வரவில்லை என்பது. மற்றொன்று, சுழற்சியில் ஒரு துள்ளல் இருக்கிறது என்பது. முதலாவது டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று சொல்கிறது. இரண்டாவது, ஆறு சிலிண்டர்களில் குறைந்தது ஒன்று மற்றவற்றைப் போல் காற்றை அழுத்தவில்லை என்று சொல்கிறது. இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். டீசல் வராததைச் சரிசெய்துவிட்டு இன்ஜினை ஓட விட்டால், இரண்டாவது கோளாறு சிறியதாக இருந்தாலும் பெரிதாகிவிடும். எனவே முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி வையுங்கள். கீழே சொல்லும் சோதனைகள் முடியும்வரை செல்ஃப் அடிக்கவோ, வண்டியை இழுத்து விடவோ வேண்டாம்.

உங்கள் வண்டியில் இருப்பது 697 வகை ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் என்று கொள்கிறேன். 1954-இல் டாடாவின் லாரி நிறுவனமான டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியில் வந்த பரம்பரை அது. மொத்தக் கொள்ளளவு 5,675 சி.சி. அதாவது ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 946 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் சுமார் 17-க்கு 1 என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் மேல் மிச்சமிருக்கும் இடம் 60 மில்லி அளவுதான். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர் ஒரு சிலிண்டரில் தேங்கியிருந்தால் போதும், பிஸ்டன் உச்சிக்குப் போக முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. டிரைவர் கேட்ட 'டக்' சத்தம் அதுதான். இன்ஜின் நிற்கும் நிலையில் எந்தெந்த வால்வுகள் திறந்திருந்தனவோ, அந்தச் சிலிண்டர்களுக்குள் ஏர் கிளீனர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ தண்ணீர் இறங்கியிருக்கும்.

செல்ஃப் மோட்டாரின் பலத்தால் மட்டும், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைவது அபூர்வம். பெரும்பாலும் அது அப்படியே நின்றுவிடும், அல்லது செல்ஃப் பினியனின் பல் தேயும். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது டிராக்டர்தான். பல டன் எடையுள்ள லாரியைக் கியரில் வைத்து இழுக்கும்போது, சக்கரத்திலிருந்து கிராங்க் ஷாஃப்டுக்கு வரும் விசை செல்ஃப் தரும் விசையைவிடப் பல மடங்கு அதிகம். சைலன்சரில் தண்ணீர் கொட்டியது நல்ல அறிகுறி என்று நீங்கள் நினைத்திருக்கலாம். சைலன்சர் குழாயில் தேங்கிய தண்ணீராக இருந்தால் அது நல்லதுதான். ஆனால் வால்வு மூடியிருந்த ஒரு சிலிண்டரில் தண்ணீர் அகப்பட்டிருந்தால், அங்கே ராட் வளைந்திருக்க இடம் உண்டு.

அதற்காகத் துள்ளல் என்றாலே ராட் வளைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மூன்று காரணங்களில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அவற்றை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் வால்வுகளுக்கு மேல் உள்ள மூடியான ராக்கர் கவரைக் கழற்றுங்கள். தண்ணீர் புகுந்து மூன்று வாரம் நின்ற இன்ஜினில், வால்வு தண்டு கைடுக்குள் துருப்பிடித்துத் திறந்தபடியே ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. அப்படி ஒட்டிய வால்வு திறந்தே இருந்தால் அந்தச் சிலிண்டரில் அழுத்தம் சேராது. மூடிய நிலையில் ஒட்டியிருந்தால், வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராட் வளைந்திருக்கும் அல்லது இடம் விட்டு நழுவியிருக்கும். பன்னிரண்டு வால்வு ஸ்ப்ரிங்குகளும் ஒரே உயரத்தில் எழுந்து நிற்கின்றனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம். புஷ் ராடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மீது உருட்டினால் வளைந்தது தானே காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டிய வால்வுத் தண்டின் மேல் டீசலும் மெல்லிய ஆயிலும் கலந்து ஊற்றி, ஓர் இரவு ஊற விட்டு, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். கோளாறு இந்த அளவில் முடிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

அதன் பின், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசில்களையும் கழற்றிவிடுங்கள். கழற்றும்போதே எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். ஏனெனில் நாசில் முனையில் துருவும் சேறும் இருக்கும் சிலிண்டரில்தான் தண்ணீர் அதிகம் இருந்திருக்கும். நாசில் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் இன்ஜின் ஆயிலும் சம அளவில் கலந்து இரண்டு மூன்று கரண்டி ஊற்றி, குறைந்தது ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மூன்று வாரத்தில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு துருவால் ஒட்டத் தொடங்கியிருக்கும். இந்த ஊறலுக்கு முன் செல்ஃப் அடித்தால் ரிங் உடையும். லைனரில் கீறல் விழும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரை மாட்டி, இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள். பின்னால் சற்றுத் திருப்பி, மீண்டும் முன்னால் கொண்டுவந்து, அப்படியே ஆட்டி ஆட்டி விடுவிக்க வேண்டும். இரண்டு முழுச் சுற்றுகள் தடையின்றி வந்த பின், பேட்டரியை இணைத்து, நாசில்கள் இல்லாமலேயே செல்ஃபைச் சில விநாடிகள் சுற்றலாம். அப்போது துளைகள் வழியாக மீதமுள்ள தண்ணீரும் ஆயிலும் பீய்ச்சியடிக்கும்; பானெட்டின் மேல் யாரும் குனிந்து நிற்கக் கூடாது.

இதன் பிறகு செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. இதைச் செய்யாமல் "இன்ஜின் போய்விட்டது" என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் ஏற்க வேண்டாம். செய்யாமல் "இன்ஜின் நன்றாக இருக்கிறது" என்று சொன்னாலும் அப்படியே. நாசில் துளையில் பொருந்தும் அடாப்டரும் டீசல் இன்ஜினுக்கான கேஜும் நல்ல டீசல் பட்டறைகளில் இருக்கும். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. கேபினில் உள்ள, டீசலை நிறுத்தும் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, ஆறு சிலிண்டர்களின் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல நிலையிலுள்ள இந்த வகை இன்ஜின் 20 பாருக்கு மேல் காட்ட வேண்டும். பழைய இன்ஜினில் ஆறும் சற்றுக் குறைந்து, ஆனால் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நான் அஞ்ச மாட்டேன். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட நான்கு பார் அல்லது அதற்கு மேல் தாழ்ந்து நின்றால் அங்கேதான் கோளாறு. அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிகிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ராட் என்று கொள்ளலாம்.

சந்தேகம் ராட் மீது வந்தால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய பின், ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேல்தளத்திலிருந்து அது எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று டயல் கேஜால் அளக்க வேண்டும். ஐந்து பிஸ்டன்கள் ஓர் அளவிலும் ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தும் நின்றால், அந்த ராட் வளைந்திருக்கிறது. வளைந்த ராடை அழுத்தி நிமிர்த்தித் தருவதாகச் சிலர் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். நிமிர்த்திய ராட் லோடு ஏற்றிய வண்டியில் எப்போது வேண்டுமானாலும் உடைந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். இந்த இன்ஜினுக்கு ராடும் பிஸ்டனும் பேரிங்கும் இன்றும் எளிதில் கிடைக்கின்றன.

ஆயில் மாற்றிவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வடிகட்டும் போல்ட்டைக் கழற்றி ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் தண்ணீர் பெரும்பகுதி போய்விடும் என்பது உண்மை. ஆனால் ஆற்று வெள்ளத்தில் வருவது வெறும் தண்ணீர் அல்ல, நுண்ணிய வண்டல். அது இன்ஜினின் கீழே ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் படிந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையைச் சுற்றிக் குழம்பாக நிற்கும். டிப் ஸ்டிக்கை இப்போது இழுத்துப் பாருங்கள்: ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது. நிறம் எப்படி இருந்தாலும், உங்கள் வண்டிக்கு சம்ப்பை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. சம்ப் இறங்கியிருக்கும்போதே ராடைக் கிராங்கோடு பிடித்திருக்கும் பிக் எண்ட் பேரிங் கேப்புகளில் ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டால், கிராங்கில் துருப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். ஆயில் ஃபில்டர், ஆயில் பாத் ஏர் கிளீனரின் அடித்தட்டு ஆகியவற்றையும் இதே வேளையில் கழுவி, புது ஆயில் நிரப்புங்கள். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் உட்புறத்தைத் துடைக்க மறந்துவிடுவார்கள். அங்கே தங்கிய மணல்தான் பிறகு லைனரைத் தின்னும்.

இனி புகை வராத விஷயத்துக்கு வருகிறேன். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. நாற்பது லிட்டர் புது டீசலை ஊற்றியதாகச் சொல்கிறீர்கள், பழையதை இறக்கியதாகச் சொல்லவில்லை. தண்ணீர் டீசலைவிடக் கனமானது. டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாகப் புகுந்த தண்ணீர் அடியில் அப்படியே இருக்க, உங்கள் புது டீசல் அதன் மேல் மிதக்கிறது. பம்ப்புக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. எனவே டேங்கை முழுவதும் இறக்கி, கழுவி, வெயிலில் காய வைத்து மாட்டுங்கள். இறக்கிய டீசலைத் தெளிய வைத்து வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்று தோன்றும். இந்த வண்டிக்கு மட்டும் வேண்டாம். ஃபீட் பம்ப்பின் சிறிய சல்லடையைக் கழுவி, இரண்டு டீசல் ஃபில்டர்களையும் புதிதாக மாற்றுங்கள்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாக, காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கேபினிலிருந்து பம்ப்புக்குச் செல்லும் ஸ்டாப் கேபிள் சேற்றிலும் துருவிலும் சிக்கி, இழுத்த நிலையிலேயே நின்றிருக்கலாம். அப்படி நின்றால் நீங்கள் எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் பம்ப் ஒரு துளி டீசலைக் கூட அனுப்பாது. பம்ப்பின் பக்கத்தில் உள்ள ஸ்டாப் லீவரைக் கையால் அசைத்து, அது தன் ஸ்ப்ரிங்கால் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். லீவர் நன்றாகத் திரும்பினாலும், பம்ப்பின் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் ரேக் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. இந்த வண்டிகளில் வரும் மைகோ இன்லைன் பம்ப்பில் டீசலை அழுத்தி அனுப்பும் ஆறு பிளஞ்சர்கள்; ஒவ்வொன்றுக்கும் அதன் உறைக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். டீசல் அங்கே எரிபொருளாக மட்டுமன்றி, மசகாகவும் வேலை செய்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் மூன்று வாரம் நின்றால் பிளஞ்சர் துருப்பிடித்து இறுகிவிடும். ஆகவே பம்ப்பையும் ஆறு நாசில்களையும் சேர்த்துக் கழற்றி, பம்ப்பை அளந்து சரிசெய்யும் கேலிப்ரேஷன் மேடை உள்ள டீசல் பம்ப் பட்டறைக்கு அனுப்புவதே சரி. கழற்றுவதற்கு முன், முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் நிலைக்குக் கொண்டுவந்து, டைமிங் குறிகளைப் பார்த்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த நிலையில் மாட்டினால்தான் டீசல் உரிய வேளையில் பாயும். பைப்புகளின் வரிசை மாறிவிடக் கூடாது. எரியும் வரிசை 1-5-3-6-2-4.

எல்லாம் மாட்டிய பின் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருங்கள். நுரையின்றித் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். பம்ப்பிலும் அவ்வாறே. கடைசியாக நாசில் பக்கத்து நட்டுகளைச் சற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் ஒவ்வொன்றிலும் டீசல் துடித்துக்கொண்டு வெளிவரும். அந்த அழுத்தத்தில் வரும் டீசலின் முன்னால் கையை நீட்டக் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மைத்துனர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். மார்கழிக் குளிரில் பழைய டிரைவர்கள் ஏர் கிளீனர் வாயில் டீசல் துணியைக் கொளுத்திப் பிடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். காற்று சூடாகி இன்ஜின் பிடிப்பது உண்மை. ஆனால் அது டீசல் ஒழுங்காக வரும் நல்ல இன்ஜினுக்கான தந்திரம். உங்கள் வண்டியில் டீசலே வரவில்லை என்பதால் துணியின் சூடு எதையும் பற்ற வைக்காது. எரிந்த துணியின் சாம்பலும் நூலும் மட்டும் உள்ளே போகும். அதைவிட மோசமானது பெட்ரோலை உள்ளே ஊற்றுவது. டீசல் இன்ஜினின் அழுத்தத்தில் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும். அதற்கு முன்பே லைனரில் மிச்சமிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும்.

முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றி வைத்துவிட்டு, இன்டேக் வாயை முழுவதும் மூடும் அளவுக்கு அகலமான, தடித்த ஒரு பலகையுடன் அருகில் நிற்க வேண்டும். ரேக் திறந்த நிலையில் ஒட்டினாலும், சிலிண்டரில் தங்கிய ஆயில் எரியத் தொடங்கினாலும், இன்ஜின் ஆக்சிலரேட்டரை மதிக்காமல் வெறிபிடித்தாற்போல் ஓடும். சாவியோ பேட்டரியோ அதை நிறுத்தாது. ஸ்டாப் நாபுக்கும் அடங்காவிட்டால் காற்றை அடைப்பது ஒன்றே வழி. கையால் அடைக்க முயலக் கூடாது. ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் ஓரிரு நிமிடம் ஆற விடுங்கள். உங்கள் செல்ஃப் மோட்டாரும் தண்ணீரில் நின்றதுதான், அதையும் டைனமோவையும் முன்கூட்டியே பிரித்துக் காய வைத்திருக்க வேண்டும். இன்ஜின் பிடித்ததும் பார்க்க வேண்டியது ஆயில் பிரஷர். சில விநாடிகளில் அது ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

இன்ஜின் ஓடிவிட்ட மகிழ்ச்சியில் மற்றவற்றை விட்டுவிடுபவர்கள் பலர். கியர் பாக்ஸுக்கும் பின் அச்சின் நடுவில் உள்ள கிரவுன் ஹவுசிங்குக்கும் காற்றுத் துளை உண்டு. அங்கேயும் தண்ணீர் போயிருக்கும், அந்த ஆயில்களையும் மாற்றுங்கள். வீல் ஹப்புகளைக் கழற்றிப் பேரிங் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். கிளட்ச் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தால் பெடலை மிதித்தாலும் கியர் விழாது. பிரேக்கின் காற்று டேங்கில் தேங்கிய தண்ணீரை இறக்கி, பிரேக் லைனிங்குகளில் படிந்த சேற்றைக் கழுவாமல் சாலையில் ஏற்றக் கூடாது.

உங்கள் கடிதத்தில் இன்சூரன்ஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் எதுவும் கிடைக்காது. முழுப் பாலிசி என்றால், வெள்ளம் அதில் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த பின் செல்ஃப் அடித்ததால் வந்த சேதத்தைப் பின்விளைவு என்று சொல்லிக் கழிக்கப் பார்ப்பார்கள். எப்படியிருந்தாலும் ராக்கர் கவரைத் தொடுவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, சர்வேயர் பார்த்த பிறகு பிரியுங்கள்; தண்ணீர் நின்ற கோடு கேபினில் தெரியும்படி படங்கள் எடுத்து வையுங்கள்.

எடைக்குப் போடுவதா என்ற கேள்விக்கு, பிளாக் உடையாமலும் கிராங்க் ஷாஃப்ட் ஆழமாகத் துருப்பிடிக்காமலும் இருந்தால், வேண்டாம் என்பதே என் பதில். ஒரு ராடும் பிஸ்டனும், பம்ப் வேலையும் சேர்ந்த செலவு இந்த இன்ஜினுக்குத் தகும். கிராங்கையே கடைந்து, லைனர் முழுவதும் மாற்றி, பம்ப்பும் புதிதாக வாங்க வேண்டிய நிலை வந்தால், அடுத்த எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றிதழுக்கு) பாடியும் சேசிஸும் தேறுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெள்ளத்தில் நின்ற பழைய சேசிஸில் துரு உள்ளிருந்து வரும்.

வண்டி ஓடத் தொடங்கிய பின், பதினைந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்தி, புதிதாக ஊற்றிய இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே ஒருமுறை மாற்றுங்கள். கழுவுவதற்கான ஆயில் என்பதால் விலை குறைந்த, ஆனால் அதே கிரேடு ஆயில் போதும். பிறகு காலி வண்டியாக ஐந்நூறு கிலோமீட்டர் வரை ஓட்டி, டிப் ஸ்டிக்கில் நிறம் மாறுகிறதா என்று தினமும் பார்த்து, இன்னொரு முறை ஆயில் மாற்றிய பின்னரே செங்கல் ஏற்றுங்கள்.